அறுவை மேசையில் கல்லீரலின் இரத்த ஓட்டத்தை அளத்தல்

1998ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், தில்லியிலுள்ள இந்திரப்பிரஸ்த அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இருபது மாதக் குழந்தை ஒன்றுக்கு அதன் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி எடுத்துப் பொருத்தப்பட்டது. பித்தக் குழாய்கள் பிறவியிலேயே அடைபட்டிருந்தமையால் அக்குழந்தையின் ஈரல் பழுதுற்றிருந்தது. இந்தியாவில் வெற்றியுடன் நிறைவேறிய முதலாவது குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை இதுவே ஆகும். அக்குழந்தை நலமுடன் வளர்ந்து, பிற்காலத்தில் மருத்துவப் படிப்பையே மேற்கொண்டது பலரும் அறிந்த செய்தி.

இத்தகைய அறுவையில் ஒரு தருணம் உண்டு. புதிய ஈரலின் இரத்தக் குழாய்கள் தைத்து முடிக்கப்பெற்றுள்ளன. குழாய்களைப் பற்றியிருந்த இடுக்கிகள் ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன. அதுவரை வெளிறிக் குளிர்ந்து கிடந்த ஈரல் சில நொடிகளில் செந்நிறம் பெற்று வெம்மையடைகிறது. அறையிலுள்ளோர் அனைவரும் இதனைக் கண்ணாலேயே காணலாம். ஆயின், ஈரலினுள் இரத்தம் பாய்கிறது என்பதை மட்டுமே கண் கூறும். நிமிடத்திற்கு எத்துணை பாய்கிறது என்பதைக் கூறாது. போதாத இரத்தம் பெறும் ஈரலும் முதலில் சிவந்தே தோன்றும். அளவுக்கு மிஞ்சிய இரத்தம் பெறும் ஈரலும் அவ்வாறே தோன்றும். முன்னது சில நாட்களில் மடியக் கூடும். பின்னது வீங்கிச் செயலற்றுப் போகக் கூடும். ஆதலின் வயிறு திறந்திருக்கும் அச்சில மணி நேரத்திற்குள் ஓட்டத்தை எண்ணால் அறிதல் இன்றியமையாததாகிறது. அதனை எவ்வாறு அறிகின்றனர், அவ்வெண் எத்துணை நம்பத் தக்கது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு வாய்க்கால் பாயும் உறுப்பு

உடலின் பிற உறுப்புகளுக்கும் கல்லீரலுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சிறுநீரகம், மூளை, தசை ஆகியவை தமனியின் வழியாக மட்டுமே இரத்தம் பெறுகின்றன. கல்லீரலோ இரு வழிகளில் பெறுகிறது. ஒன்று ஈரல் தமனி. இஃது இதயத்திலிருந்து வரும் தூய இரத்தத்தை உயர்ந்த அழுத்தத்தில் கொணர்கிறது. மற்றொன்று வாயிற் சிரை. இஃது இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றில் ஒருமுறை பாய்ந்து முடிந்த இரத்தத்தைத் திரட்டி, உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட சத்துக்களுடன் ஈரலுக்குக் கொணர்கிறது. ஓர் ஏரிக்கு ஆற்றிலிருந்து நேரே வரும் வாய்க்கால் ஒன்றும், மேலுள்ள வயல்களில் பாய்ந்து வடியும் நீரைக் கொணரும் வடிகால் ஒன்றும் இருப்பதைப் போன்றது இவ்வமைப்பு.

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுடையது. அஃதாவது உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆயினும் இதயம் ஒரு நிமிடத்தில் வெளிப்படுத்தும் இரத்தத்தில் கால் பங்கு, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், இதனூடே செல்கிறது. இதில் முக்கால் பகுதியை வாயிற் சிரையும் கால் பகுதியைத் தமனியும் அளிக்கின்றன. ஆக்சிஜனைப் பொறுத்தவரை கணக்கு வேறு. தமனி இரத்தம் செறிவுடையதாதலின் ஏறத்தாழப் பாதியை அதுவே அளிக்கிறது. தமனியின் அழுத்தம் சராசரியாக 90 மில்லிமீட்டர் பாதரசம். வாயிற் சிரையின் அழுத்தமோ 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையே. இவ்விரண்டாம் எண்ணை வாசகர் நினைவிற் கொள்க. அறுவையின்போது நிகழும் இடையூறுகளிற் பெரும்பாலானவற்றிற்கு இத்தாழ்ந்த அழுத்தமே காரணம்.

இவ்விரு வாய்க்கால்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. வாயிற் சிரையின் ஓட்டம் குறைந்தால் ஈரல் தமனி விரிந்து கூடுதல் இரத்தம் விடுகிறது. சிரையின் ஓட்டம் பெருகினால் தமனி சுருங்குகிறது. கனடா நாட்டு உடலியலறிஞர் டபிள்யூ. வெய்ன் லாட் 1981இல் இதனைத் தமனியின் ஈடுசெய் வினை என விளக்கினார். ஈரலின் நுண்குழாய்களைச் சூழ்ந்த இடத்தில் அடினோசின் என்னும் பொருள் இடையறாது சுரக்கிறது. சிரை இரத்தம் அதனைக் கழுவிச் செல்கிறது. சிரை ஓட்டம் தளர்ந்தால் அப்பொருள் தேங்கித் தமனியை விரிவடையச் செய்கிறது. இவ்விளக்கம் எளிமையும் அழகும் உடையது. ஆயின் தமனி ஈடுசெய்வது இழப்பில் ஒரு பகுதியை மட்டுமே. வாயிற் சிரை தனக்கென அவ்வாறு ஏதும் செய்வதில்லை.

சாயத்தால் அளக்கும் முறை

வாய்க்காலில் நீரோட்டத்தை அளக்க இரு வழிகள் உண்டு என்பதைப் பாசனத் துறையினர் அறிவர். ஒன்று, மிதவையை விட்டு அதன் வேகத்தைக் கண்டு, வாய்க்காலின் குறுக்குப் பரப்பால் பெருக்குதல். மற்றொன்று, உப்பையோ சாயத்தையோ ஒரே சீராகக் கலந்து, கீழே அதன் செறிவை அளத்தல். நிமிடத்திற்கு ஒரு கிராம் உப்பு இடப்படுகையில், கீழ்ப்புற நீரில் லிட்டருக்கு அரைக் கிராம் உப்பு காணப்படுமாயின், நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் நீர் ஓடுகிறது எனக் கொள்ளலாம். பள்ளியில் ஒரு குழாய், ஒரு தகரக் கால்வாய், சிறிது மை ஆகியவற்றைக் கொண்டே இதனை மாணவர்க்குக் காட்ட முடியும்.

இக்கருத்தை உடலுக்குப் பொருத்தியவர் ஜெர்மானியரான அடால்ஃப் ஃபிக். ஓர் உறுப்பு ஒரு நிமிடத்தில் ஒரு பொருளை எத்துணை எடுத்துக்கொள்கிறது என்பதும், அவ்வுறுப்பினுள் நுழையும் இரத்தத்திற்கும் வெளியேறும் இரத்தத்திற்கும் இடையே அப்பொருளின் செறிவு எத்துணை வேறுபடுகிறது என்பதும் தெரிந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்து ஓட்டத்தைப் பெறலாம் என்று அவர் 1870இல் காட்டினார். கல்லீரலுக்கு இதனைப் பயன்படுத்த, ஈரல் ஒன்றே இரத்தத்திலிருந்து நீக்கக் கூடிய பொருள் ஒன்று வேண்டியிருந்தது. புரோம்சல்ஃப்தலீன் என்னும் சாயம் அவ்வாறு அமைந்தது. 1945இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி பிராட்லியும் உடனுழைத்தோரும், இச்சாயத்தைச் சிரையினுள் ஒரே சீராகச் செலுத்தி, மெல்லிய குழாயொன்றை ஈரற் சிரைவரை நுழைத்து அங்கிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்து, மனிதனில் ஈரலின் ஓட்டத்தை முதன்முதலாகக் கணித்தனர். நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டர் என்னும் அளவு நிலைபெற்றது அப்போதுதான்.

விளக்கத்திற்காக ஒரு கணக்கு. சாயம் நிமிடத்திற்கு 4.5 மில்லிகிராம் வீதம் செலுத்தப்படுகிறது. இரத்தத்தில் அதன் செறிவு ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. ஆகவே ஈரல் நிமிடத்திற்கு நீக்குவதும் 4.5 மில்லிகிராமே. ஈரலினுள் நுழையும் பிளாஸ்மாவில் 100 மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராமும், வெளியேறுவதில் 1.0 மில்லிகிராமும் உள்ளன. வேறுபாடு 0.5. எனவே நிமிடத்திற்கு 900 மில்லிலிட்டர் பிளாஸ்மா பாய்கிறது. இரத்தத்தில் அறுபது விழுக்காடு பிளாஸ்மா எனில், மொத்த இரத்த ஓட்டம் 1,500 மில்லிலிட்டர் ஆகும்.

அச்சாயம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைவித்தமையால் வழக்கொழிந்தது. அதன் இடத்தை இண்டோசயனைன் பச்சை என்னும் சாயம் பெற்றது. முதலில் நிழற்படத் தொழிலின் ஆய்வகங்களில் உருவான இப்பொருள், 1957இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தாரால் இதய ஓட்டத்தை அளக்கப் பயன்படுத்தப்பட்டது. 1961இல் இலண்டனில் ஷீலா ஷெர்லாக் குழுவினர் ஈரலுக்கு அதனைக் கையாண்டனர். இஃது இரத்தப் புரதத்துடன் பிணைந்து நிற்கிறது. ஈரலால் மட்டுமே எடுக்கப்பட்டு, மாறுதலின்றிப் பித்தத்தில் வெளியேறுகிறது. 805 நானோமீட்டர் அலைநீளத்தை அண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. அவ்வலைநீளத்தில் ஆக்சிஜனுற்ற இரத்தமும் அஃதற்ற இரத்தமும் ஒரே அளவாக ஒளியை உறிஞ்சுவதால், சாயத்தின் அளவைப் பிழையின்றிக் காண முடிகிறது. இப்போது விரல் நுனியில் மாட்டும் சிறு கவ்வியே இரத்தம் எடுக்காமல் சாயம் மறையும் வேகத்தைக் காட்டிவிடுகிறது. நலமுள்ளவரில் நிமிடத்திற்குப் பதினெட்டு விழுக்காட்டிற்கு மேல் மறைகிறது.

இங்கு ஒரு தெளிவு தேவை. விரற் கவ்வி காட்டுவது ஓட்டம் அன்று. சாயம் நீங்கும் வேகம். ஓட்டம் குறைந்தாலும் அவ்வேகம் குறையும். ஓட்டம் நன்றாயிருந்து ஈரலின் உயிரணுக்கள் தளர்ந்திருந்தாலும் குறையும். சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோயில் இரத்தம் உயிரணுக்களைத் தொடாமலே குறுக்கு வழிகளில் கடந்துவிடுவதும் உண்டு. அந்நிலையில் ஈரற் சிரை இரத்தத்தையும் சோதித்தாலன்றிக் கணக்குப் பிழைபடும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதப்படும் குறிப்புகள் மருத்துவமனை ஏடுகளிலேயே காணப்படுகின்றன. ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை முதலிலேயே மாணவர் மனத்திற் பதிப்பது நன்று. மேலும், தமனியில் எவ்வளவு, வாயிற் சிரையில் எவ்வளவு என்று சாயம் பிரித்துக் கூறாது. அறுவை மருத்துவருக்கு வேண்டுவதோ பெரும்பாலும் அப்பிரிவினையே.

குழாயின்மீதே அளத்தல்

வயிறு திறந்திருக்கும்போது இரு குழாய்களும் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. எனவே அவற்றின்மீதே கருவியைப் பொருத்தி அளக்கலாம். காந்தப் புலத்தில் ஒரு கடத்தி நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பது 1831இல் ஃபாரடே கண்ட உண்மை. இரத்தமும் உப்புக் கரைசலாதலின் ஒரு கடத்தியே. 1936இல் அலெக்சாண்டர் கோலின் இதனைக் கொண்டு மின்காந்த ஓட்டமானியை அமைத்தார். குழாயைச் சுற்றி ஒரு வளையம் மாட்டப்படும். ஓட்டத்தின் வேகத்திற்கேற்ப மின்னழுத்தம் எழும். 1962இல் அமெரிக்காவின் பஃபலோ நகர அறுவை மருத்துவர்கள், அறுவைக்குட்பட்ட நோயாளிகளின் ஈரல் தமனியிலும் வாயிற் சிரையிலும் இக்கருவியால் நேரடியாக அளந்து முடிவுகளை வெளியிட்டனர். கருவி நுட்பமானதே, ஆயினும் பயன்படுத்துவோரை வருத்தியது. வளையம் குழாயை இறுக்கமாகப் பற்ற வேண்டும். தளர்ந்தால் அளவு தவறும், மிக இறுகினால் ஓட்டமே தடைப்படும். சுழியம் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். அதனைச் சரிபார்க்கக் குழாயையே சற்று நேரம் அடைக்க வேண்டும். நலிந்த ஈரலுக்குச் செல்லும் குழாயை அளப்பதற்காக அடைப்பது எவருக்கும் உவப்பான செயலன்று.

இக்குறைகளைக் கேளா ஒலி நீக்கியது. 1970களின் இறுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்னெலிஸ் ட்ரோஸ்ட் என்பார் அமைத்த ஓட்டமானியில், குழாயின் ஒரு புறத்தே இரு ஒலிப் படிகங்களும் மறுபுறத்தே ஓர் எதிரொளிப்புத் தகடும் உள்ளன. ஒரு படிகம் விடுக்கும் ஒலி, தகட்டில் பட்டு மற்றதை அடைகிறது. பின்னர் எதிர்த் திசையில் அவ்வாறே செல்கிறது. ஓட்டத்துடன் செல்லும் ஒலி விரைவாகவும், ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும் ஒலி தாமதமாகவும் சேர்கின்றன. ஆற்றில் ஓடம் கீழ்நோக்கிச் செல்லும் நேரமும் மேல்நோக்கி மீளும் நேரமும் வேறுபடுவதைப் போன்றது இது. வேறுபாடு மிகச் சிறியதாயினும் மின்னணுச் சாதனத்தால் அதனை அளக்க முடிகிறது. ஒலிக்கற்றை குழாயின் அகலம் முழுவதையும் தழுவுவதால், குழாயின் விட்டத்தைத் தனியே அறிய வேண்டுவதில்லை. நிமிடத்திற்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற எண் நேரே கிடைக்கிறது. குழாயை இறுக்க வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். குழாயின் அளவிற்கேற்ற கருவிமுனையைத் தெரிந்து, இடைவெளியில் காற்று புகாவண்ணம் உப்புநீரோ கூழ்மமோ இடுதல் போதும்.

டாப்ளர் முறை மூன்றாவது. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் கூறிய விதிப்படி, நகரும் இரத்த அணுக்களிலிருந்து மீளும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து வேகத்தை அறியலாம். வயிறு மூடிய பின்னரும் தோலின்மேல் வைத்து இதனைப் பயன்படுத்தலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு. ஆனால் இது மிதவை முறையைப் போன்றது; பரப்பைத் தனியே அளந்து பெருக்க வேண்டும். வாயிற் சிரையின் விட்டம் 12 மில்லிமீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 16 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஓட்டம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,086 மில்லிலிட்டர். அவ்விட்டத்தைத் தவறுதலாக 13 மில்லிமீட்டர் எனப் படித்துவிட்டால் விடை 1,274 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர்ப் பிழை ஏறத்தாழ 190 மில்லிலிட்டர்ப் பிழையாகப் பெருகுவதற்குக் காரணம், பரப்பு விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதே. எட்டாம் வகுப்புக் கணிதம் அறுவை அறையில் இவ்வாறு உயிர் பெறுகிறது. ஒலிக்கற்றை குழாயைச் சந்திக்கும் கோணமும் அறுபது பாகைக்கு மிகாதிருத்தல் வேண்டும்.

அறுவையே ஓட்டத்தை மாற்றுதல்

அளக்கத் தொடங்கியதும் அறிஞர்கள் கண்ட முதல் உண்மை, நோயாளியை மயக்கி வயிற்றைத் திறப்பதே ஈரலின் ஓட்டத்தைக் குறைக்கிறது என்பதாகும். மயக்க மருந்துகள் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகின்றன. இவற்றுள் ஹாலோதேன் ஈரலின் ஓட்டத்தைப் பெரிதும் குறைப்பதாயும், பின்வந்த ஐசோஃப்ளுரேன் அத்துணை குறைக்காததாயும் காணப்பட்டன. மூச்சுப் பொறி நெஞ்சினுள் அழுத்தத்தை ஏற்றுவதால் ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறுவது தடைப்படுகிறது. குடலைக் கையாளுவதும், விலா எலும்புகளை விலக்கும் கொக்கிகள் ஈரலை அழுத்துவதும் குறைவை மிகுவிக்கின்றன. மேல்வயிற்று அறுவைகளில் இக்குறைவு பிற அறுவைகளிலும் மிகுதி.

வயிற்றைத் திறவாமல் சிறு துளைகளின் வழியே செய்யப்படும் அறுவையில் இவ்விடையூறு இல்லை என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அதில் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கின்றனர்; அவ்வாயுவின் அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வாயிற் சிரையின் அழுத்தம் 5 முதல் 10 என மேலே குறித்தது இங்கு நினைவுகூரத் தக்கது. வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மிஞ்சும்போது மெல்லிய சுவருடைய சிரை நசுங்குவது இயல்பே. வாயிற் சிரை ஓட்டம் பாதியளவு குறைந்ததை 1998இல் டச்சு மருத்துவர்கள் டாப்ளர் முறையால் அளந்து காட்டினர். நலமுள்ள ஈரல் இதனை ஓரிரு மணி நேரம் பொறுத்துக்கொள்கிறது. நலிந்த ஈரலுடையோரிடம் அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தல் வேண்டும்.

சில வேளைகளில் மருத்துவரே ஓட்டத்தை முற்றிலும் நிறுத்துவதுண்டு. 1908இல் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், காயமுற்ற ஈரலிலிருந்து குருதி பெருகுவதைத் தடுக்க, தமனியும் வாயிற் சிரையும் சேர்ந்து செல்லும் மடிப்பை விரல்களால் பற்றி அடைத்தார். இன்றும் ஈரலை அறுக்கையில் அம்மடிப்பை இடுக்கியால் பதினைந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, மீண்டும் அடைப்பது வழக்கம். இங்கு ஓட்டமானியைவிடக் கடிகாரமே முதன்மையான கருவி.

தில்லியில் இரத்தம் கக்கிய குழந்தைகள்

ஓட்டத்தை அளப்பதற்குக் கருவி கிடையாத காலத்தும், கிடையாத இடத்தும், அழுத்தத்தை அளந்தே மருத்துவர்கள் பணியாற்றினர். வட இந்தியாவில் குழந்தைகளிடையே காணப்படும் நோயொன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். இளமையிலேயே வாயிற் சிரை உறைகட்டியால் அடைபட்டுப் போகிறது. ஈரல் பழுதற்றதாகவே இருக்கும்; ஆனால் அதற்குச் செல்ல வழியற்ற இரத்தம், உணவுக் குழலின் சிரைகளைப் புடைக்கச் செய்து வேறு வழி தேடுகிறது. நலமாகத் தோன்றும் குழந்தை திடீரெனச் செங்குருதியை வாந்தி எடுக்கும். மஞ்சட் காமாலை இராது. இடப்புற விலாவின்கீழ் வீங்கிய மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும். களப்பணியாளர் இத்தகைய குழந்தையைக் கண்டால், வாந்தி தானே நின்றுவிட்டதென்று விடாமல், பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்புதல் வேண்டும்.

தில்லியின் அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1976 முதல் 1992 வரை இத்தகைய 160 குழந்தைகளுக்கு, மண்ணீரலை நீக்கி, அதன் சிரையை இடச் சிறுநீரகச் சிரையுடன் இணைக்கும் அறுவை செய்யப்பட்டது. அறுவையால் இறந்தோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. மீண்டும் குருதி கக்கியோர் நூற்றுக்குப் பதினொருவர். உணவுக் குழலினுள் குழாயிட்டு மருந்து செலுத்தும் முறைகள் பரவாத நாட்களில், ஊர் திரும்பினால் மீண்டும் வர வழியில்லாத குழந்தைகளுக்கு ஒரே அறுவையில் கிடைத்த இத்தீர்வு பெரிதும் போற்றத் தக்கது.

இவ்வகை அறுவையில் அழுத்தத்தை அளக்கும் முறை மிக எளியது. வயிற்றினுள் உள்ள சிறு சிரையொன்றில் மெல்லிய குழாயைச் செருகி, அதனை உப்புநீர் நிரம்பிய செங்குத்துக் கண்ணாடிக் குழாயுடன் இணைத்து, நீர் எவ்வுயரத்தில் நிற்கிறது என்று அளவுகோலால் காண்கின்றனர். 30 சென்டிமீட்டர் உயரம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம். அளவுகோலின் சுழியம் இதயத்தின் வலப்புற மேலறை மட்டத்தில் இருத்தல் வேண்டும். மேசையைச் சாய்த்துவிட்டுச் சுழியத்தை மாற்ற மறந்தால் ஐந்து சென்டிமீட்டர் வரை பிழை நேரும். இணைப்பிற்குப் பின் அளவு வீழ்ந்தால் புதிய வழி திறந்துள்ளது என்பது உறுதி.

ஆயினும் அழுத்தம் ஒன்று, ஓட்டம் ஒன்று. மூடிய மதகின் மேற்புறம் நீர் உயர்ந்து நிற்கும். ஆனால் வாய்க்காலில் ஓட்டம் இராது. அழுத்தத்தைத் தணிக்க எண்ணி வாயிற் சிரை இரத்தம் முழுவதையும் வேறு வழியில் திருப்பிவிட்டால், ஈரல் தன் உணவை இழக்கிறது. 1877இல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் எக் நாய்களில் இவ்விணைப்பைச் செய்தார். 1893இல் பாவ்லோவ் அவ்வாறு இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் தடுமாறி அறிவு மயங்குவதைக் கண்டார். குடலிலிருந்து வரும் அம்மோனியா முதலியவை ஈரலிற் சுத்தமாகாமல் மூளையை அடைவதே காரணம். சிரோசிஸ் நோயாளிகளில் இணைப்பு அறுவை செய்தபோதும் இதே மயக்கம் பலருக்கு நேர்ந்தது. ஈரலுக்குச் செல்லும் ஓட்டத்தைக் காத்துக்கொண்டே உணவுக் குழற் சிரைகளின் அழுத்தத்தை மட்டும் தணிக்கும் இணைப்பை 1967இல் டீன் வாரன் வகுத்தது இவ்வனுபவத்தின் பயனே.

மிகுதியும் தீங்காதல்

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் ஈரல் மாற்று அறுவை பரவியது. தமிழ்நாட்டில் மூளைச் சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டம் 2008 முதல் வேரூன்றியது. தில்லியிலும் அதனை அடுத்த குருகிராமிலும் பெரும்பாலான ஈரல்கள் உயிருள்ள உறவினரிடமிருந்தே பெறப்படுகின்றன. வசந்த் குஞ்சில் தில்லி அரசு நிறுவிய ஈரல், பித்த விஞ்ஞானக் கழகத்திலும் இவ்வறுவை நடைபெறுகிறது. உறவினர் அளிப்பது ஈரலின் ஒரு பகுதியே. ஓட்டத்தை அளப்பதன் முழுப் பொருளும் இங்குதான் வெளிப்படுகிறது.

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு, உடல் எடையில் நூற்றுக்கு 0.8 பங்கு, அஃதாவது 560 கிராம் ஈரல் கிடைத்துள்ளதாகக் கொள்வோம். இது வழக்கமாக ஏற்கப்படும் குறைந்த அளவு. சிரோசிஸ் நோயாளியின் மண்ணீரலும் குடற் சிரைகளும் பல்லாண்டுகளாகப் பெருத்துள்ளன. தடையாக நின்ற பழைய ஈரல் அகன்றதும், நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் இரத்தம் வாயிற் சிரையில் பாயக் கூடும். நலமுள்ள ஈரலில் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் வாயிற் சிரையிலிருந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 மில்லிலிட்டர் செல்கிறது. இச்சிறு ஈரலிலோ 357 மில்லிலிட்டர்! நுண்குழாய்களின் சுவர்கள் சிதைகின்றன; ஈரல் வீங்குகிறது; காமாலை நீடிக்கிறது; வயிற்றில் நீர் கோக்கிறது. ஈடுசெய் வினையின்படி தமனியும் சுருங்கிவிடுவதால், மிகுந்த இரத்தத்தின் நடுவே ஆக்சிஜன் பஞ்சம் உண்டாகிறது.

ஆகவே இடுக்கிகள் நீங்கியதும் ஓட்டமானியின் முனை வாயிற் சிரையின்மீதும், பின்னர்த் தமனியின்மீதும் வைக்கப்படுகிறது. நூறு கிராமுக்கு 250 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட சிரை ஓட்டத்தைப் பல மருத்துவர்கள் எச்சரிக்கையாகக் கொள்கின்றனர். ஜப்பானின் கியோத்தோ மருத்துவர்கள் அழுத்தத்தை 15 மில்லிமீட்டருக்குக் கீழ் இறக்குவதை வற்புறுத்தினர். இரண்டையும் சேர்த்தே பார்த்தல் சாலச் சிறந்தது. ஓட்டமும் அழுத்தமும் ஒருங்கே உயர்ந்திருந்தால் மண்ணீரல் தமனியைக் கட்டுகின்றனர். அதனால் வாயிற் சிரைக்கு வரும் இரத்தம் குறைகிறது, ஈரல் தமனியின் ஓட்டமும் பெருகுகிறது. அது போதாதாயின் மண்ணீரலை நீக்குதலோ, சிறிதளவு இரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்புதலோ உண்டு. மாறாக, சிரை ஓட்டம் மிகக் குறைந்திருந்தால், பழைய குறுக்கு வழிகள் இரத்தத்தைக் கவர்ந்து செல்கின்றன என்பது பொருள். அவற்றைத் தேடிக் கட்ட வேண்டும். தமனியின் ஓட்டம் நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டருக்குக் கீழ் இருப்பின் தையலை ஐயுறுதல் முறை. உறவினரிடமிருந்து பெற்ற ஈரலின் தமனி பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உடையது, நுண்ணோக்கியின்கீழ் தைக்கப்படுவது.

எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது அப்போதைய இரத்த அழுத்தத்தையும் நேரத்தையும் உடன் குறிப்பது தேவை. அழுத்தம் எண்பதாக இருக்கையில் கண்ட தமனி ஓட்டமும் நூற்றிருபதாக இருக்கையில் கண்டதும் ஒப்பிடத் தக்கவையல்ல. கொக்கிகளை அகற்றி, ஈரல் தன் இயல்பான இடத்தில் அமர்ந்த பின் மீண்டும் ஒருமுறை அளத்தல் வழக்கம். ஈரல் சற்றே சுழன்றாலும் சிரை முறுக்குண்டு ஓட்டம் பாதியாகிவிடும். வயிறு மூடிய பின்னர் டாப்ளர்க் கருவி அப்பணியை ஏற்கிறது. முதல் சில நாட்களில் படுக்கையருகிலேயே நாள்தோறும் தமனியின் ஓட்டம் பார்க்கப்படுகிறது. அது மறைந்தால் சில மணி நேரத்திற்குள் வயிறு மீண்டும் திறக்கப்படுகிறது.

ஈரலின் பகுதியை அளித்தவருக்கும் இதே கணக்கு உண்டு. வலப்பகுதியை அளித்த ஒருவரிடம் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்களவே. முன்னர் முழு ஈரலுக்கும் சென்ற வாயிற் சிரை இரத்தம் இப்போது அதனூடே செல்கிறது. நலமுள்ள அவ்வீரல், மண்ணீரல் பெருத்திராத உடலில், இம்மிகுதியைத் தாங்குவதோடு, அதனையே வளர்ச்சிக்குரிய தூண்டுதலாகவும் கொண்டு, சில வாரங்களிலேயே தன் பருமனில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது.